வெள்ளாட்டுக்குக் கிராப்பு

இந்தக் கதையில் ஒரு வெள்ளாடு சலூனுக்குள் வருகிறது. அதை நீங்கள் வெளியே சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

என் பெயர் வள்ளித்தாய். 1981ஆம் வருடம் நான் ஆறாம் வகுப்புப் படித்தேன். என் அப்பா உச்சிமாகாளி, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருந்தார். உள்ளே ஒரு சுழல் நாற்காலி. அதற்கு முன்னால் ஒரு பெரிய கண்ணாடி, பின்னால் ஒரு பெரிய கண்ணாடி. நடுவில் போய் நின்றால் நூறு வள்ளித்தாய்கள் தெரிவார்கள். நான் நாக்கை நீட்டினால் நூறு பேரும் நாக்கை நீட்டுவார்கள்.

அப்பா கைமிஷினில் முடி வெட்டுவார். அதற்கு இடுக்கி மாதிரி இரண்டு பிடிகள் உண்டு. மிஷினைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டு, பிடியை அமுக்கி அமுக்கி விட வேண்டும். ஓர் அமுக்குக்குக் கொஞ்சம் முடிதான் விழும். ஒரு தலைக்கு எத்தனை அமுக்கு என்று ஒரு நாள் எண்ணினேன். முந்நூறு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் கொட்டாவி வந்துவிட்டது.

இருபது வருடம் இப்படி அமுக்கியதில் அப்பாவின் வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. இன்னும் ஆறு மாதம் இதே வேலையைச் செய்தால் விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரை மில் ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாக அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மதுரைக்குப் போனால் மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆதம் மாமா வந்தார்.

ஆதம் மாமா கடையநல்லூர்க்காரர். எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த காலத்தில் அப்பாவிடம்தான் முடி வெட்டிக்கொள்வாராம். இப்போது துபாயில் இருந்தார். லீவில் வந்தவர், ஒரு சனிக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்கு வந்தார். கைலியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே கறுப்பாக ஒன்று, நீள வால் வைத்த எலி மாதிரி படுத்திருந்தது.

"கரண்டு மிஷின், அண்ணாச்சி. அமுக்கவே வேண்டாம். சுவிட்சைப் போட்டா அதுவே வெட்டும்" என்றார்.

சுவிட்சைப் போட்டார். அது 'கர்ர்ர்' என்று கத்திய கத்தில் பவுடர் டப்பா நடுங்கியது. நான் துள்ளிக் குதித்தேன். அமுக்கவே வேண்டாமாம். அப்படியென்றால் அப்பாவின் விரலும் மடங்கும், மதுரையும் வேண்டாம்.

ஆனால் புளியங்குடி சலூன்காரர் ஒருவரும் அந்த மிஷினைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சுப் பாருங்க. கைக்கு ஒத்து வந்தா உங்களுக்கு. இல்லன்னா நான் வந்து எடுத்து அவருக்குக் கொடுத்திருதேன்" என்று சொல்லிவிட்டு ஆதம் மாமா போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை நிறைய ஆள். முதலில் உட்கார்ந்தவர் கரிவலம்வந்தநல்லூர் வேல்சாமித் தாத்தா. அப்பா சுவிட்சைப் போட்டார். காதோரம் 'கர்ர்ர்' என்றதும் தாத்தா தோளைக் குறுக்கினார். அதே நேரத்தில் ஒயர் வழுக்கி அவர் கழுத்தில் விழுந்தது. அவ்வளவுதான். "ஏ, கரண்டு பிடிச்சிட்டு" என்று கத்திக்கொண்டு, போர்த்திய வெள்ளைத் துணியோடு ரோட்டுக்கு ஓடிவிட்டார். தென்காசி பஸ் பிரேக் போட்டு நின்றது. அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்து, மீதி முடியைக் கத்தரியால் வெட்டி அனுப்பினார் அப்பா.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருக்கலாம். அடுத்து உட்கார்ந்தவன் என் வகுப்பு ஞானதுரை.

அப்பா இந்த முறை ஒயரைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மிஷினை ஞானதுரையின் வலது காதுக்கு மேலே வைத்தார். அங்கேதான் தப்பு நடந்தது. இருபது வருடக் கை அல்லவா? கைமிஷின் என்று நினைத்து அழுத்திவிட்டது. கரண்டு மிஷினுக்கு அழுத்தத் தேவையே இல்லை. அது காதிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே இழுப்பில் முடியை வழித்துக்கொண்டு போய்விட்டது. ஞானதுரையின் தலையில் புளியங்குடி ரோடு மாதிரி பளிச்சென்று ஒரு பாதை விழுந்தது.

அவன் கண்ணாடியில் பார்த்தான். அழவே ஆரம்பித்துவிட்டான். வருகிற சனிக்கிழமை எங்கள் வகுப்புக்குக் குரூப் போட்டோ. அவன் உயரம் என்பதால் நடுவில் நிற்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார்.

காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்று நழுவினார்கள். அப்பா மிஷினைக் கைலியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். மறுபடி கைமிஷினை எடுத்தார். அன்று ராத்திரி அவரால் வலது கையால் சோற்றைப் பிசைய முடியவில்லை. இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அந்தக் கறுப்பு எலிமேல் கோபமும் வந்தது.

வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடப் போவதாக அப்பா சொன்னார். எனக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை எந்தச் சலூனும் திறக்காது. அன்று பள்ளிக்கூடம் விட்டதும் கடையைப் பெருக்கிக் கண்ணாடி துடைப்பது என் வேலை. சாவியை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வெள்ளாடு ராசாத்தி, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. நான் போகிற இடத்துக்கெல்லாம் வரும். வெட்கமே கிடையாது.

கண்ணாடியைத் துடைக்கும்போது மேஜைமேல் கத்தரியும் சீப்பும் கிடந்தன. அப்பா கத்தரியால் வெட்டும்போது யார் தலையிலும் ரோடு விழுந்ததில்லை. ஏன் விழவில்லை? கத்தரியைக் கையில் எடுத்தேன். அப்பா மாதிரி இடது கையில் சீப்பைப் பிடித்து, வலது கையால் காற்றை வெட்டிப் பார்த்தேன். இரண்டாவது வெட்டிலேயே தெரிந்துவிட்டது.

கத்தரி எப்போதும் சீப்புக்கு மேலேதான் ஓடும். தலை சீப்புக்குக் கீழே பத்திரமாக இருக்கும்.

மிஷினுக்கும் அடியில் ஒரு சீப்பு இருந்தால்? அதை யாரும் கையில் பிடிக்க வேண்டாம். மிஷினோடு சேர்த்துக் கட்டிவிட்டால் போதும்.

அலமாரியிலிருந்து கரண்டு மிஷினை எடுத்தேன். கடையில் கிடந்த சீப்பை அதன் அகலத்துக்கு ஒடித்தேன். பழைய சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டிச் சீப்பை மிஷினுக்கு அடியில் இறுக்கிக் கட்டினேன். கரண்டு சாமானைத் தொடும்போது அப்பா செய்வதுபோல ரப்பர் செருப்புப் போட்டு, மரப்பலகைமேல் ஏறி நின்றேன். இனி ஒரு தலை வேண்டும். திரும்பிப் பார்த்தேன். ராசாத்தி காலண்டரைத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் சீப்பைக் கழற்றிவிட்டு, அப்பா அழுத்தியது மாதிரியே அதன் இடது விலாவில் அழுத்தினேன். ரோடு விழுந்தது. ராசாத்தி ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த மாதத்தைக் கிழித்தது. பிறகு சீப்பைக் கட்டி வலது விலாவில் வைத்தேன். மிஷின் கத்தியதே தவிர ஒரு முடிகூட விழவில்லை. சீப்பின் பல் ரொம்ப நெருக்கம். முடி உள்ளே போக வழியில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா சிக்கு எடுக்கிற, அகலப் பல் வைத்த சீப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அதையும் ஒடித்தேன். அதற்காகப் பிறகு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

இந்த முறை மிஷினை வைத்ததும் முடி மளமளவென்று விழுந்தது. மெதுவாக அழுத்தினேன். பிறகு பலமாக அழுத்தினேன். ரோடு விழவே இல்லை. புல்லை அளந்து வெட்டியது மாதிரி ஒரே உயரத்தில் முடி நின்றது. நான் கத்திய கத்தில் ராசாத்தி மிரண்டு சுற்றியது. ஒயர் அதன் காலில் சுற்றிக்கொண்டது. பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. நல்லவேளை, மிஷினை நான் இறுக்கிப் பிடித்திருந்ததால் அது கீழே விழாமல் தப்பியது.

ஆக, இந்த வாலுக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். வேல்சாமித் தாத்தாவை ஓடவைத்ததும் இதே வால்தானே?

நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் ஒரு கொக்கி இருந்தது. முன்பெல்லாம் பெட்ரோமாக்ஸ் விளக்கு தொங்கிய கொக்கி. ஸ்டூல்மேல் ஏறி, நீளமான டியூப் வார் ஒன்றை அதில் கட்டினேன். அதன் நுனியில் ஒயரைக் கட்டினேன். மிஷினை இழுத்தால் வார் நீண்டது. விட்டால் தானே சுருங்கி மேலே போனது. ஒயர் யார் கழுத்தையும் தொடவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வாசலில் ராசாத்தியைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி வள்ளி, இங்கன வா. இது என்னது?"

"கிராப்பு."

"இந்தப் பக்கம் ஏன் இப்படி வழிச்சிருக்கு?"

"அது நீங்க அழுத்துன மாதிரி நான் அழுத்துனது."

"அப்ப அந்தப் பக்கம்?"

"அதுவும் அழுத்துனதுதான், எப்பா. அதைவிடப் பலமா அழுத்துனேன்."

அப்பா உட்கார்ந்து வீங்கிய கையால் ஆட்டின் இடது விலாவைத் தடவினார். பிறகு வலது விலாவைத் தடவினார். மறுபடி இடது, மறுபடி வலது. ராசாத்திக்கு ரொம்பச் சந்தோஷம். தன்னைக் கொஞ்சுகிறார் என்று நினைத்துக்கொண்டது.

"சாவியை எடு" என்றார்.

கடையில் நான் கட்டிய சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் நுனி தோலில் கீறும் என்று சொல்லி, உப்புத்தாளில் தேய்த்து மழுங்க வைத்தார். மண்ணெண்ணெயாலும் வெந்நீராலும் மிஷின் பல்லை மூன்று முறை துடைத்தார். பிறகு தன் இடது கைமுடியில் ஓட்டிப் பார்த்தார். மேலே தொங்கிய ஒயரை இழுத்தார், விட்டார், இழுத்தார், விட்டார். சிறுபிள்ளை மாதிரி பத்துத் தடவையாவது செய்திருப்பார்.

ஆனால் யாரையும் கூப்பிட்டு உட்காரவைக்க மாட்டேன் என்றார். "இன்னொரு பிள்ளை அழுததைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல, மக்கா."

சரி, ஏற்கெனவே அழுத பிள்ளையையே கேட்போம் என்று நினைத்தேன்.

ஞானதுரை மூன்று நாளாகக் குல்லாய் போட்டுக்கொண்டு வந்தான். பையன்கள் அவனிடம் புளியங்குடிக்கு எத்தனை மைல் என்று கேட்டுச் சிரித்தார்கள். புதன்கிழமையும் ஒருவன் கேட்டான். உன் வீட்டுக்கு வழி தெரியாதா, எதற்கு ரோடு கேட்கிறாய் என்று நான் போட்ட போட்டில் அவன் நழுவிவிட்டான். ஞானதுரை என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். ரோடு விழுந்த இடத்தில் இப்போது கொஞ்சம் முளைத்திருக்கிறது. மீதி முடியையும் சீப்பு வைத்து அதே அளவுக்கு வெட்டினால் ரோடு மறைந்துவிடும்.

"உங்க அப்பா மிஷினா? ஆளை விடு" என்றான்.

அவனை வீட்டுக்கு அழைத்துப்போய் ராசாத்தியைக் காட்டினேன். இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தான்.

"ஆட்டுக்கு வலிச்சுதா?"

"நீயே கேட்டுக்க."

அவன் குனிந்தான். ராசாத்தி அவன் குல்லாயைப் பிடுங்கி மெல்ல ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக ஞானதுரை சிரித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் தன் அம்மாவோடு வந்தான். ஞானபாக்கியம் டீச்சர் என்றால் எங்கள் தெருவே நிமிர்ந்து நிற்கும். வெள்ளிக்கிழமை நிறையப் பேர் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் வேடிக்கை பார்க்க வாசல் நிறையக் கூட்டம். வேல்சாமித் தாத்தாவும் வந்து, ரோட்டுக்கு ஓட வசதியாகக் கடைசியில் நின்றுகொண்டார்.

"அண்ணாச்சி, பையன் நம்புதான். அதனால நானும் நம்புதேன். ஆனா நான் இங்கனயேதான் நிப்பேன்" என்று சொல்லி, டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு நாற்காலி பக்கத்தில் நின்றார்.

அப்பா சுவிட்சைப் போட்டார். ஒயர் மேலே ஆடியது. மிஷினை ஞானதுரையின் இடது காதுக்கு மேலே வைத்தார். முதல் இழுப்பு மெதுவாகப் போனது. இரண்டாவதும் மெதுவாகப் போனது. மூன்றாவது இழுப்பில் வாசலில் யாரோ தும்மினார்கள். அப்பாவின் கை பழக்கத்தில் அப்படியே அழுத்திவிட்டது. நான் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார். குடை தரையில் 'டக்' என்று இடித்தது.

அப்பா மிஷினை எடுத்தார்.

ரோடு இல்லை. முடி ஒரே உயரத்தில் அழகாக நின்றது.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் எத்தனையோ மாதமாகப் பார்க்கவில்லை. அப்புறம் மிஷின் சும்மா பறந்தது. பத்தே நிமிடம். ஞானதுரை எழுந்து இரண்டு கண்ணாடியிலும் மாறி மாறிப் பார்த்தான். பழைய ரோடு எங்கே இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. டீச்சர் அவன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, என் தலையையும் ஒரு தடவை தடவினார்.

"எனக்கும் அந்தக் கரண்டைப் போட்டுவிடு, உச்சிமாகாளி. இன்னைக்கு வெள்ளி. நாளைக்குக் காலையில முதல் ஆளா வாரேன்" என்று கடைசியிலிருந்து வேல்சாமித் தாத்தா சத்தம் கொடுத்தார்.

அப்போதுதான் ஆதம் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மிஷினை எடுத்துக்கொண்டு போக வந்தவர். அதன் அடியில் கட்டியிருந்த சீப்பைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"அண்ணாச்சி, இதே மாதிரி பிளாஸ்டிக்ல நாலு சீப்பு பெட்டிக்குள்ள இருந்துச்சு."

புதுப் பெட்டியோடு வந்தால் ஏர்போர்ட்டில் வரி கேட்பார்களாம். அதனால் மிஷினை மட்டும் எடுத்து, எண்ணெயைத் தடவிப் பழசாக்கி, கைலியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். அந்தச் சீப்பெல்லாம் என்னத்துக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. துபாயில் கூடத் தங்கியிருக்கிற ஒருவர் மீசை சீவ அவற்றை வைத்துக்கொண்டாராம்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது சூடாகிவிட்டது. அம்மாவிடம் அத்தனை திட்டு வாங்கி நான் கண்டுபிடித்ததை, எவனோ ஏற்கெனவே செய்து பெட்டிக்குள் போட்டிருக்கிறான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்பா என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அந்தச் சீப்பு துபாயில மீசை சீவுது. என் கையைக் காப்பாத்துனது இதுல்லா, மக்கா" என்றார். பிறகு ஆதம் மாமாவிடம் திரும்பி, புளியங்குடிக்காரருக்கு வேறு மிஷின் பார்க்கச் சொன்னார். மதுரைக்குப் போகவில்லை என்று மறுநாளே கடிதம் எழுதிவிட்டார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். கொக்கியிலிருந்து டியூப் வார் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆதம் மாமா, ஒயரைத் தொங்கவிடுத இந்த ரப்பர் வார் அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சா?"

மாமா மேலே பார்த்தார். தாடியைச் சொறிந்தார்.

"இல்லையே, பாப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல."

"அப்ப அது நான் கண்டுபிடிச்சது" என்றேன். கண்ணாடிக்குள் இருந்த நூறு வள்ளித்தாய்களும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.